திருப்பி மாட்டிய தகடு

1

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். லண்டனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு இத்தனை பந்தா என்று நினைப்பீர்கள். பந்தா இல்லை, பயம்.

அப்பா போய் இந்த ஜூன் மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. சர்ச்சில் அவருக்காக ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் ரேச்சல், எட்டு வயது, பள்ளிப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டிலிருக்கும் பழைய பொருள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய் அதன் கதையைச் சொல்ல வேண்டுமாம். தாளில் மூன்று கேள்விகள். இது என்ன பொருள்? முதலில் யாருடையது? அவர் எங்கே பிறந்தார்?

"அலமாரி மேல இருக்கிற வயலினை எடுத்துட்டுப் போகட்டுமா? பெட்டியோட?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் அப்பா டேவிட் இந்த ஊர்க்காரர், நானும் சொல்லித்தரவில்லை.

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். மூன்றாவது கேள்விக்கான பதில் அந்தப் பெட்டி மேலேயே இருந்தது. எங்கள் குடும்பம் பதினாறு வருஷமாக மறைத்துவந்த பதில் அது.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

2

திருவண்ணாமலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அப்பா லெஸ்லி, கார்டு. விழுப்புரம் காட்பாடி லைனில் பச்சைக் கொடி ஆட்டியே முடி நரைத்தவர். அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான் வீடு. வீட்டில் ஆங்கிலம், வெளியே தமிழ். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பக்கத்தில் எங்களுக்கென்று பள்ளி இல்லாததால் நான் தமிழ் மீடியத்தில் படித்தேன். அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பதிலிருந்து கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் வரைக்கும் வீட்டில் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னது நான்தான்.

பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. அம்மா சமைத்துக்கொண்டே பாடுவாள். அப்பா முகச்சவரம் செய்துகொண்டே இரண்டாம் குரல் கொடுப்பார். தாளம் தட்டுவது என் வேலை. தாத்தா ஆல்பர்ட்டின் வயலினை அப்பா டியூட்டி இல்லாத நாளெல்லாம் எடுப்பார். நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது, எல்லாம் கேள்வி ஞானம்தான். கார்த்திகை தீபத்தன்று ஸ்பெஷல் வண்டிகளை எல்லாம் அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவசர அவசரமாக வீட்டுக்கு ஓடிவருவார். மலையில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்று கத்தும். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அப்பா வாசலில் நின்று வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்றை வாசிப்பார். எதிர் வீட்டுச் சண்முகம் மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார்.

சண்முகம் மாமா ரயில்வேயில் ஃபிட்டர். சொந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். "கார்டு சார், அந்தச் சுத்திச் சுத்தி வர்ற பாட்ட வாசிங்க" என்று கேட்பார். சுத்திச் சுத்தி வருவது வால்ட்ஸ். அப்பா அவருக்காகவே அதை மூன்று தடவை வாசிப்பார்.

3

தாத்தா ஆல்பர்ட் இங்கிலாந்தில் பிறந்தவர் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அவரே சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். அந்தக் காலத்து ரயில்வேயில் அங்கே பிறந்தவனுக்கு ஒரு நாற்காலி, இங்கே பிறந்தவனுக்கு ஒரு நாற்காலி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கடலையே பார்க்காமல் கப்பலில் வந்திறங்கியதாகச் சொல்லிக்கொண்டவர்கள். அது எங்கள் ஜனங்களின் பழக்கம். பிள்ளைகள் அதை அப்படியே நம்பியதும் பழக்கம்தான்.

தாத்தா அங்கே பிறந்திருந்தால் அந்த உரிமையில் பேரப்பிள்ளை வரை போய்த் தங்கலாம் என்று சென்னையில் யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா எழுதிப் போட்டார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு தேவாலயத்திலிருந்து ஞானஸ்நானப் பதிவின் நகல் வந்தது. அதே பெயர், அதே வருஷம். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா ஒரு கீர்த்தனை பாடினாள். விசாவும் வந்துவிட்டது. அது 1989.

மூட்டை கட்டும்போதுதான் விஷயம் வெடித்தது. வயலின் பெட்டிக்கு ஒரு கான்வாஸ் உறை உண்டு. தாத்தா தன் கையாலேயே பெட்டியோடு சேர்த்து இறுக்கித் தைத்தது. பெட்டியின் பக்கவாட்டை மட்டும் திறக்கிற மாதிரி விட்டிருந்தார். அழுக்கேறிய அந்த உறையை விமானத்தில் கொண்டுபோவதா என்று அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் குப்பையில் போடக் கொண்டுபோனாள். உள்ளே மூடியின் மேல், பச்சை பிடித்த பித்தளைத் தகடு ஒன்று. அப்பா எச்சில் தொட்டுத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஜோலார்பேட்டையில் பிறந்து, ஜோலார்பேட்டையிலேயே வில் பிடிக்கக் கற்ற எங்கள் ஆல்பர்ட்டுக்கு, ரயில்வே இன்ஸ்டிடியூட் நண்பர்கள்." கீழே பிறந்த தேதி.

தேவாலயத்து நகலில் இருந்த ஆள் வேறு யாரோ. பெயர் ஒன்று, வருஷம் ஒன்று, மனிதர் வேறு. வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, வேலையை எழுதிக்கொடுத்தாகிவிட்டது, விமானச் சீட்டு பெட்டியில் இருக்கிறது. எனக்குப் பதினைந்து வயது. அப்பாவின் முகத்தில் அதுவரைக்கும் பயத்தை நான் பார்த்ததே இல்லை. யானை மிரண்ட கூட்டத்தில் கொடியோடு நின்று வண்டியை அனுப்பியவர் அவர்.

4

சண்முகம் மாமாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் அங்கேயே இருந்தேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

"சண்முகம், இதப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது மேன்."

"எதுக்கு சார் இம்மாம் கவல? நாலு ஸ்குரூ. கழட்டித் தூக்கிப் போட்டா ஆச்சு."

"எங்கப்பா பேரு போட்டது. தூக்கிப் போடச் சொல்றியா? அதும் இல்லாம, எடம் மட்டும் வெளுத்துத் தெரியும். தகடு இருந்த எடம் இதுன்னு அதுவே சொல்லிக் குடுக்கும். திருப்பி மாட்டிடு. எழுத்து உள்பக்கம் போயிடட்டும்."

சண்முகம் மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட உடுங்க. ஷெட்டுக்கு எடுத்துக்கினு போய்ப் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் எழுத்தில்லாத பித்தளை பளபளவென்று இருந்தது. அப்பா அதைத் தொடக்கூட இல்லை, புது உறையில் போட்டு மூடிவிட்டார்.

நாங்கள் கிளம்பிய அன்றைக்குச் சண்முகம் மாமா ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி அசையும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"கார்டு சார், அந்தத் தகடு விஷயம் ஒண்ணு சொல்லணும்..."

"ஷ்ஷ்! அதப் பத்திப் பேசாத!" என்று அப்பா அவர் வாயைப் பொத்தினார். ரயில் பெட்டியில் எங்களைத் தவிர ஒரு பூக்காரம்மாவும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சாமியாரும்தான் இருந்தார்கள். மாமாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் சரியாக விடைகூடப் பெற்றுக்கொள்ளவில்லை.

5

லண்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் எங்களை நிறுத்தினார். சிவந்த முகம், சிரித்த மாதிரியே இருந்தார். பயமுறுத்த வேண்டும் என்று அவருக்கு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. உறையைக் கழற்றச் சொன்னார். கட்டை விரலால் தகட்டைத் தடவினார்.

"ஒன்றும் எழுதவில்லையே?"

"எழுத மறந்துவிட்டார்கள்" என்றார் அப்பா.

அதிகாரி சிரித்தார். நாலு ஸ்குரூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஒருவேளை பார்க்காமலும் இருந்திருக்கலாம். "கொஞ்சம் வாசியுங்களேன்" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா வில்லை எடுத்தார். வில் தந்தி மேல் தடதடவென்று குதித்தது. அப்படி ஒரு சத்தம் அந்த வயலினிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதிகாரிக்கே சங்கடமாகிப் போகச் சொல்லிவிட்டார்.

அதுதான் அப்பா கடைசியாக அந்த வயலினில் வில் வைத்தது.

6

இங்கே அப்பாவுக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. பெட்டிகளை எண்ணி அடுக்க வேண்டும். ஏதோ ஒரு படிவத்துக்காகப் போன அலுவலகத்தில், அவர் பேசுவதை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட பெண், கடைசியில் ஆங்கிலம் கற்றுத்தரும் மாலை வகுப்புக்கான துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். அப்பாவுக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. நாங்கள் வெடித்துச் சிரித்திருக்க வேண்டும். அப்பா நன்றி சொல்லி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "அவளுக்குச் சந்தேகம் வந்துட்டுதா?" என்று என்னிடம் கேட்டார்.

பழுப்பு உறையில் வரும் எந்தக் கடிதமும் அவரை உட்காரவைத்துவிடும். தண்ணீர் வரிக் கடிதமாக இருந்தாலும் சரி. கதவு தட்டப்பட்டால் முதலில் அலமாரி மேலே பார்ப்பார்.

சர்ச்சில் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டுப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். புருஷன் வயலின் வாசிப்பார் என்று அவள் பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாசிக்கச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தார்கள். வாசித்தால், யாருடைய வயலின் என்று கேட்பார்கள். தாத்தா எந்த ஊர் என்று கேட்பார்கள். பெட்டியை வாங்கிப் பார்ப்பார்கள். அப்பா இடது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார். "கை வலி" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அந்தப் பட்டையைச் சுற்றிவிட்டது நான்தான். சில வருஷத்தில் அந்த மணிக்கட்டு நிஜமாகவே மடங்க மறுத்தது.

வீட்டில் நாங்கள் பாடும்போதும் அப்பா முதலில் எழுந்துபோய் எல்லா ஜன்னல்களையும் சாத்துவார். கோடையிலும்கூட. அதற்கப்புறம்தான், வாய்க்குள்ளேயே, இரண்டாம் குரல்.

"நம்ம ஊர்ல ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்" என்பாள் அம்மா. அவளுக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. தெரியாமலேயே 1999ல் கண்ணை மூடினாள்.

7

வந்து நாலு வருஷம் ஆனதும் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டோம். பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் திருவண்ணாமலையிலிருந்து ஒரு இன்லண்ட் அளவு நீலக் கடிதம் வந்தது. சண்முகம் மாமா சொல்லச் சொல்ல அவர் மகள் செல்வி எழுதுவாள். எங்கள் வீட்டில் அதை நான் உரக்க வாசிப்பேன். பதிலும் நான்தான் எழுதுவேன். அப்பாவின் சிநேகம் இரண்டு பெண்பிள்ளைகளின் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அம்மா சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சௌக்கியம், மழை ஜாஸ்தி, பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்கவில்லை, அடி அண்ணாமலை வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்றெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி: "அந்தத் தகட்டைப் பற்றி உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும்."

அப்பா கடிதத்தைப் பிடுங்கினார். படிக்கத் தெரியாத எழுத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"செல்வி எழுதினதுதானே இது? அப்ப அவளுக்கும் தெரியும். இன்னும் யார் யாருக்குத் தெரியும்?"

"மாமா அப்படிப்பட்டவர் இல்லப்பா."

"எப்ப எழுதியிருக்கான் பாரு. நம்ம பேப்பர் ஆபீஸ்ல இருக்கற நேரம் பாத்து. என்ன வேணுமாம் அவனுக்கு?"

அடுப்பைப் பற்றவைத்து அதில் காட்டினார். நீலத்தாள் சுருண்டு கருகியது. பதில் எழுதக்கூடாது என்றார். நான் எழுதவில்லை. அதற்கப்புறம் அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பிரிக்காமலே போயின. பிறகு வருவதே நின்றுபோனது. எங்களுக்கு அனுமதி கிடைத்தது, அப்புறம் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அப்பாவுக்குப் பயம் மட்டும் போகவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்க எவ்வளவு நேரமாகும் என்பார்.

உள்ளுக்குள் எனக்கும் மாமா மேல் சந்தேகம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

8

ரேச்சல் தாளைக் கொண்டுவந்த வாரம், வெள்ளிக்கிழமை. டேவிட் வேலைக்கும் அவள் பள்ளிக்கும் போனபிறகு அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். டேவிட்டிடமும் இந்தக் கதையை நான் சொன்னதில்லை. தகட்டை ஒரேயடியாகக் கழற்றி எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்புறம் பெட்டி பள்ளிக்குப் போகட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

ஸ்குரூக்கள் துருப்பிடித்திருந்தன. முதலாவதைக் கழற்றவே கால் மணி நேரம் ஆயிற்று. வாசலில் தபால்காரர் வந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் சொந்த வீட்டில், என் சொந்தப் பெட்டியோடு. நாலும் வந்ததும் தகட்டைத் திருப்பினேன்.

பின்பக்கமும் வெறுமையாக இருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். தேய்த்து அழித்த தடம்கூட இல்லை. வெறும் பித்தளை, ஓரத்தில் அரம் போட்ட கோடுகள். இது வேறு தகடு. அந்தத் தகடு எங்களோடு கடல் தாண்டி வரவே இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவின் மணிக்கட்டுக்காக அழுதேன்.

9

செல்வியின் எண் ரொம்ப நாளாக என் டைரியில் கிடந்தது. கூடப் படித்த ஒருத்தி கொடுத்தது. மறுநாள் காலை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கூப்பிட்டேன். செல்வி இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாளாம். சனிக்கிழமை என்பதால் தன் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். போனை அவரிடம் கொடுத்தாள்.

"பாப்பாவா? கார்டு சார் பாப்பாவா? எம்மா, எத்தினி வருஷம் ஆச்சு! சார் எப்பிடி இருக்காரு?"

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாமா, அந்தத் தகடு..."

"அதத்தானே பாப்பா டேஷன்லயே சொல்ல வந்தேன், வாயப் பொத்திட்டாரு. திருப்பி மாட்டுனா எவனாச்சும் கழட்டிப் பாப்பான்ல? அதான் புதுசா ஒண்ணு வெட்டி மாட்டிட்டேன். பயந்துக்காதீங்க சார்னு சொல்றதுக்குத்தான் செல்விய உட்டு லெட்டரும் போட்டேன். லெட்டர்ல எல்லாத்தையும் எழுதப் படாதேன்னு, சேதி இருக்குன்னு மட்டும் எழுதச் சொன்னேன். பதிலே காணம். எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சிக்கினேன்."

"கோவம் இல்ல மாமா."

"அங்க நெறய வாசிச்சாரா? பெரிய ஊராச்சே. அந்தச் சுத்திச் சுத்தி வர்ற பாட்டு?"

"கை வலி மாமா" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்றால், யோசிக்காமலே வந்தது.

"அடக் கடவுளே. பெரியவரு தகடு பத்திரமா இருக்குது பாப்பா. எங்கூட்ல சாமி படத்தாண்ட வச்சிருக்கேன். தீபத்துக்குத் தீபம் புளி போட்டுத் தேச்சு வச்சிடுவேன். எழுத்தெல்லாம் பளிச்சினு தெரியுது. செல்வியோட பொண்ணு நல்லா இங்கிலீஷ் படிப்பா. இரு, படிக்கச் சொல்றேன், நீயே கேளு. ஏய் இந்தாடி, அத எடுத்தாந்து சத்தமா..."

"வேணாம் மாமா! ஷ்ஷ்! அதப் பத்திப் பேசாதீங்க!"

என் குரல் சமையலறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நாலாயிரம், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வயதானவரின் வாயை நான் பொத்தியிருந்தேன்.

"சரி பாப்பா" என்றார் கடைசியில். "பேசல." போன் செல்வியிடம் போயிற்று, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள், நானும் சொன்னேன், வைத்துவிட்டோம்.

ரேச்சல் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். "ஏம்மா எல்லா ஜன்னலையும் சாத்தியிருக்க? வேர்க்குது" என்றாள். சுற்றிப் பார்த்தேன். பேசிக்கொண்டே எப்போது எழுந்துபோய்ச் சாத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தாளையும் பேனாவையும் நீட்டினாள். இது என்ன பொருள்? வயலின். முதலில் யாருடையது? கொள்ளுத் தாத்தாவுடையது. மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. பெட்டியில் இனி ஒன்றும் இல்லை, பயப்பட ஒரு துரும்பும் இல்லை. ஜோலார்பேட்டை என்று எழுதினால் என்ன ஆகிவிடும்? எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு அது.

இங்கிலாந்து என்று எழுதினேன்.

ரேச்சல் வாசித்துப் பார்த்தாள். "அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே" என்று சந்தோஷமாகத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொல்லியும் விட்டாள்.

உண்மையை எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் போல இருந்தது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.